இரட்டைப்படை வரிகள்

"வாழ்ந்த காலத்தில் மிகவும்" என்று எழுதி நிறுத்தியிருந்தான் கிளமென்ட். அடுத்த வார்த்தை வரவில்லை.

வாசலில் பந்தலுக்குக் கயிறு இழுத்துக்கொண்டிருந்தார்கள். கூடத்தில் குளிர்பெட்டி ஒரே சீராக உறுமியது. உள்ளே அப்பா ஞானசிகாமணி. வெள்ளைச் சட்டையின் பையில் எப்போதும் இருக்கும் சிவப்புப் பேனா, இப்போது அவன் எழுதும் மேசைமேல் கிடந்தது.

நாலு மணி ஆராதனையில் ஜீவிய சரித்திரத்தை மூத்த மகன் படிக்க வேண்டும். அந்தச் சபையில் அது வழக்கம். மூன்று மணிக்குள் போதகரான ஐயரிடம் காட்டியாக வேண்டும். பிறப்பு, ஞானஸ்நானம், கல்யாணம், வாய்க்கால் மதகுகளைத் திறந்து மூடும் லஸ்கர் வேலை, ஓய்வு எல்லாம் தேதிவாரியாக எழுதியாகிவிட்டது. அழுகை வரவில்லை. தேதிகள்தான் வந்தன.

"கண்டிப்பானவர்னு போடு. பூதலூருக்கே தெரியும்," என்றார் சித்தப்பா.

"அது தாசில்தாருக்குப் போடுற வார்த்தை சித்தப்பா." தங்கை லின்சி காபியை நீட்டினாள். "சிட்சைன்னு எழுதுண்ணா. கண்டிச்சுத் திருத்துறதுக்கு வேதத்துலேருந்து அவரு சொல்ற வார்த்தை அதான்."

"அடிப்பாருன்னு நினைச்சுக்குவாங்க."

"உன்னை அடிச்சாரா?"

அடித்ததில்லை. கிளமென்ட் காபியை வாங்கி மேசைமேல் வைத்தான்.

"ஞாயிறு பள்ளிப் பரீட்சையில 'தகப்பனின் சிட்சை'ங்கிறதை 'தகப்பனின் பிச்சை'ன்னு எழுதுன ஆளுதானே நீ. அந்தப் பயமா?"

சித்தப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. குளிர்பெட்டியைப் பார்த்து அடக்கிக்கொண்டார்.

அப்போது அவனுக்கு ஒன்பது வயது. தப்பான வார்த்தையைப் பத்துத் தடவை எழுத வேண்டும் என்பது வீட்டுச் சட்டம். அப்பா நோட்டில் ஒன்று முதல் பத்துவரை எண் போட்டார்.

"ஒத்தப்படை உனக்கு. ரெட்டப்படை எனக்கு."

அவன் ஒரு வரி எழுதித் தள்ள, அப்பா அடுத்த வரியை எழுதித் திருப்பினார். மதகுச் சாவி திருகிக் காய்த்துப்போன விரல்கள், சிவப்பு மை.

"நீங்க ஏம்பா எழுதுறீங்க? தப்புப் பண்ணது நான்தானே?"

"சிட்சிக்கிறவரு எட்டி நிக்கமாட்டாருடா. பக்கத்துலயே உக்காந்திருப்பாரு. வேதத்துல எனக்குப் புரிஞ்சது அவ்வளவுதான்."

தஞ்சாவூர் விடுதிக்குப் போன பிறகும் சட்டம் மாறவில்லை. அவன் கடிதத்தில் பிழை இருந்தால் பதிலோடு ஒரு தாள் வரும். இரட்டைப்படை வரிகள் நிரம்பியிருக்கும், மற்றவை காலி. கல்லூரியில் அறைத்தோழர்கள் சிரித்தார்கள். அதன்பின் அவன் எதையும் நிரப்பி அனுப்பவில்லை. அப்பா கேட்கவுமில்லை, தாள்கள் மட்டும் வந்துகொண்டிருந்தன.

'மிகவும்' என்பதை அடித்துவிட்டு, விறுவிறுவென்று ஒரு வரி எழுதி லின்சியிடம் நீட்டினான். அவள் வாசித்துவிட்டு ஒரு வார்த்தையின்மேல் விரலை வைத்தாள்.

"அண்ணா, சிச்சைன்னு எழுதிருக்க."

வாங்கித் திருத்தினான். "ஐயர்கிட்டக் காட்டிட்டு வந்துரு."

அவள் போனபின் இன்னொரு தாளை எடுத்து, ஒன்று முதல் பத்துவரை எண் போட்டான். ஒன்று, மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பது. 'சிட்சை' என்று நிதானமாக எழுதினான்.

சவப்பெட்டிக்கு மாற்றுவதற்காகக் குளிர்பெட்டியைத் திறந்தார்கள். தாளை நாலாக மடித்து அப்பாவின் சட்டைப்பையில் வைத்தான் கிளமென்ட். சிவப்புப் பேனாவைத் திறந்து, உள்ளங்கையில் ஒரு கோடு இழுத்துப் பார்த்தான். மை இருந்தது. மூடியைப் போட்டு, அதையும் பையில் செருகினான்.