இரண்டு முறை அழுத்திய பொத்தான்

1

இந்தக் கதை என் சொந்தச் சரக்கு இல்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பழைய வீடியோ கேசட்டுகளைக் கணினிக்கு மாற்றித் தரும் ஒருவரிடம் என் கேசட் ஒன்றைக் கொண்டுபோயிருந்தேன். அது ஓடி முடியும்வரை என்னை ஸ்டூலில் உட்காரவைத்து அவர் சொன்னது இது. சொல்லி முடித்துவிட்டு, "இதையெல்லாம் எழுதிடாதீங்க" என்றார். எழுதுகிறவனிடம் அப்படிச் சொன்னால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியாதா என்ன?

முதல் தொடக்கம்: 'மலிவான கேமராக்களும் மனிதர்களைப் போலத்தான், அவை' (அடித்துவிட்டேன். எதையாவது மனிதர்களைப் போல என்று ஆரம்பித்தால் எழுதுகிறவன் சோம்பேறி என்று அர்த்தம்.)

இரண்டாவது: 'கேசட்டுக்காரர் இயர்போனை மாட்டினார்.' இது பரவாயில்லை. இதையே வைத்துக்கொள்வோம்.

2

கேசட்டுக்காரர் இயர்போனை மாட்டினார். ஒரு மணி நேரக் கேசட்டை மாற்ற ஒரு மணி நேரம் ஆகும், அதை அவசரப்படுத்த முடியாது. அதனால் முன்பின் தெரியாதவர்களின் வீட்டு விசேஷங்களையெல்லாம் அவர் முழுசாகப் பார்த்திருக்கிறார். எதையும் மனசில் போட்டுக்கொள்வதில்லை.

அன்று ஓடியது ஒரு பெரியவர் தன் மனைவியை எடுத்த படம். அவள் படுக்கையில் கிடந்த கடைசி எட்டு மாதம். உள்ளங்கையில் அடங்கும் கேமரா, கடையில் இருந்ததிலேயே விலை குறைந்தது. ஆனால் படத்தில் மனைவி இல்லை. செருப்பு, கட்டில் கால், தரை, பெரியவரின் சட்டை ஓரம். இடையிடையே ஒரே ஒரு நொடி ஒரு பெண்ணின் முகம். அதுவும் ஃபோகஸ் ஆவதற்குள் போய்விடும்.

பத்து நிமிடத்தில் கேசட்டுக்காரருக்கு விஷயம் பிடிபட்டது. அந்த வகைக் கேமராவில் ஒரே பொத்தான். ஒருமுறை அழுத்தினால் ஓடும், மறுமுறை அழுத்தினால் நிற்கும். ஓடுகிறது என்பதற்கு அடையாளம், திரை மூலையில் கடுகளவு சிவப்புப் புள்ளி. பெரியவருக்கு அப்போதே பார்வை மங்கல். பூட்டிய பூட்டை இன்னொரு தடவை இழுத்துப் பார்க்கிற ரகம் வேறு. உறுதியாக இருக்கட்டும் என்று எடுக்கத் தொடங்கும்போது ஒவ்வொரு தடவையும் இரண்டு முறை அழுத்தியிருக்கிறார். 'எங்க, சிரி' என்றபோதெல்லாம் கேமரா தூங்கியது. எடுத்தாயிற்று என்று ஒருமுறை அழுத்தி மடியில் வைத்தபோது விழித்துக்கொண்டது. பிறகு திரையை மூடி எடுத்துவைக்கும்போதுதான் ஓய்ந்தது.

3

இந்தப் பகுதியை அந்தக் கேமராவைத் திட்டுவதற்காகத்தான் ஆரம்பித்தேன். வெளிச்சம் குறைந்தால் படம் முழுக்கப் புள்ளிகள் மொய்க்கும். எதிரில் இருப்பவர் பேச்சைவிடப் பிடித்திருப்பவரின் மூச்சுதான் உரக்கக் கேட்கும். எல்லாம் உண்மை. ஆனால் பெரிய கேமரா என்றால் தலை வாரிக்கொண்டு விறைப்பாக உட்காருகிற மனிதர்கள் இதை ஒரு பொருட்டாகவே மதிப்பதில்லை. பக்கத்தில் இருப்பதை மறந்து பேசுகிறார்கள். பெரியவரின் மடி, மனைவியின் தலைமாட்டிலிருந்து ஒரு முழம். அந்தச் சின்ன மைக் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தது.

4

கேசட்டைக் கொண்டுவந்தவள் பெரியவரின் மகள்.

"அப்பாவுக்கு இப்ப சுத்தமா கண்ணு தெரியல. படம் எப்படி இருந்தாலும் பரவாயில்லண்ணா. அம்மா சிரிக்கிற சத்தம் எங்கயாவது இருந்தா அதை மட்டும் தனியா எடுத்துக் குடுங்க. அதைத்தான் தினமும் கேக்கறாரு."

சிரிப்பு இருந்தது. மொத்தக் கேசட்டிலும் ஒரே ஒரு இடத்தில், நாற்பத்தொன்றாவது நிமிடத்தில்.

"எடுத்தாச்சா?" என்கிறது மனைவியின் குரல்.

"ஆச்சு, ஆச்சு. நிறுத்திட்டேன்."

"அப்பாடா. பல்லைக் காட்டிக் காட்டி வாய் வலிக்குது." கொஞ்ச நேரம் மின்விசிறிச் சத்தம். "உங்க மக நேத்து வந்தாளே, எத்தனை தடவை வாட்ச்சைப் பாத்தா தெரியுமா? பதினொரு தடவை."

"அவளுக்கு ஆயிரம் வேலை இருக்கும்."

"இருக்கட்டுமே. இங்க பாருங்க, இப்படித்தான் பாத்தா."

அவள் செய்துகாட்டுகிறாள். திரையில் கட்டில் கால்தான் தெரிகிறது. வளையல்கள் குலுங்குகின்றன. பெரியவர் சிரிப்பை அடக்க முடியாமல் கனைக்கிறார். அப்போது அவள் சிரிக்கிறாள். சிரித்துக்கொண்டே, "அவ வராம இருந்தாலே எனக்கு நிம்மதி" என்கிறாள்.

கேசட்டுக்காரர் வெட்டிப் பார்த்தார், ஒட்டிப் பார்த்தார். இருப்பது ஒரே மைக், ஒரே ஒலித்தடம். அந்தச் சொற்களை எடுத்தால் சிரிப்பும் கூடவே போய்விடுகிறது.

5

[மகளுக்கு ஆஸ்பத்திரியில் ஷிப்ட் வேலை ஒன்று கொடுத்துப் பார்த்தேன். வாட்ச்சைப் பார்த்ததற்கு நியாயம் கிடைத்துவிடும் அல்லவா? பிறகு எடுத்துவிட்டேன். அவளுக்குப் பெரிய காரணம் எதுவும் இல்லை. சாகப்போகிற தாயின் பக்கத்தில் உட்காரப் பயமாக இருந்தது, அவ்வளவுதான். எனக்கும் இருந்தது. இந்த வரியை அடிக்காமல் விடுகிறேன்.]

6

முடிவு ஒன்று: "சிரிப்பு எதுவும் இல்லம்மா" என்று கேசட்டுக்காரர் கைவிரித்துவிடுகிறார். பெரியவர் அதை நம்பி (மனசு கேட்கவில்லை.)

முடிவு இரண்டு: உள்ளதை உள்ளபடி கொடுத்துவிடுகிறார். அப்பாவும் மகளும் சேர்ந்து கேட்கிறார்கள். அப்பாவின் முகம் மலர்கிறது. மகள் (இதற்கு மேல் எழுத வரவில்லை.)

நடந்தது இவ்வளவுதான். மாலை நான்கு மணிக்கு மகள் வந்தாள். மேசையில் இரண்டு பென் டிரைவ்கள் இருந்தன. ஒன்றில் அந்த நாற்பத்தொன்றாவது நிமிடம் முழுசாக. இன்னொன்றில் அதை எடுத்துவிட்டு மிச்சம்: மூச்சு, இருமல், மின்விசிறி.

"இருந்துச்சாண்ணா?" என்று கேட்டாள். அவர் வாயைத் திறப்பதற்குள் மணிக்கட்டைத் திருப்பி வாட்ச்சைப் பார்த்தாள். வளையல்கள் குலுங்கின. கேசட்டில் கேட்ட அதே சத்தம். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உடனே தலையைக் குனிந்துகொண்டார்.

"எதைக் கொடுத்தீங்க?" என்று ஸ்டூலில் இருந்தபடியே கேட்டேன்.

என் கேசட் ஓடி முடிந்திருந்தது. அவர் அதை எடுத்து என் கையில் வைத்தார்.

"உங்க அம்மா நல்லாத் தெரியறாங்க. ஆனா இதுல சத்தமே பதிவாகலைங்க."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் யோசித்தேன். அம்மா அதில் என்னைத் திட்டியிருந்தாலும் எனக்கு அது போதும். ஆனால் நான் அந்த மகள் இல்லை. அவள் இன்னும் கடை வாசலில்தான் நிற்கிறாள், நேரமாகிறது என்கிறாள். மேசையில் இரண்டு இருக்கின்றன. நீங்களே ஒன்றை எடுத்துக் கொடுத்துவிடுங்கள்.