பெரட்டுக்கு வராத நாற்பத்து மூன்று பேர்

பத்து மணித் தேநீருக்குக் செம்பனைக் குலை வெட்டுகிறவர்கள் உட்கார்ந்ததும், அவர்களை வேலை வாங்கும் மண்டோர் குணாளன் மோட்டார் சைக்கிள் கூடையிலிருந்து பச்சை அட்டைப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஒரு மர நிழலில் குந்தினான். விரித்துப் பார்த்தான். அது, காலைப் பெரட்டில் வரிசையாக நின்ற ஆட்களை அவன் குறித்த செக்ரோல், வருகைப் பதிவேடு. அப்படியானால் மழையில் அவசர அவசரமாக ஆபீசில் கொடுத்துவிட்டு வந்தது எது?

இரண்டும் ஒரே மாதிரிப் புத்தகம்தான். ஆபீஸ் ஸ்டோரிலிருந்து எடுத்தவை. ஒன்றில் தோட்டத்து ஆட்கள் இருந்தார்கள். மற்றதில் இருந்தவர்களைக் குணாளன் பெற்றெடுத்திருந்தான்.

சுங்கை பட்டாணியில் ஜைனல் பாயின் சாப்பாட்டுக் கடை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானக் கூட்டம் கலைந்ததும் மூலை மேசையில் நாலு பேர் விளையாட உட்காருவார்கள். பலகை கிடையாது, காய் கிடையாது. ஆளுக்கொரு கற்பனை மனிதனைத் தாளில் எழுதிக்கொண்டு வரவேண்டும். லோரி ஓட்டும் சசிதரன் கதையை நடத்துவான். குகை, பூதம், கொள்ளைக்கூட்டம் எல்லாம் அவன் பொறுப்பு. பகடை விழுகிறபடி அந்த மனிதர்கள் பிழைப்பார்கள் அல்லது சாவார்கள்.

குணாளனுக்கு ஆடுவதைவிட ஆளை உண்டாக்குவதுதான் பிடித்தது. மூன்று பகடையை ஆறு தரம் உருட்டினால் ஆறு எண்கள். பலம் ஐந்து, புத்தி பதினேழு. இவ்வளவு நோஞ்சான் இத்தனை நாள் எப்படி உயிரோடு இருக்கிறான்? அந்தக் கேள்வியைப் பிடித்தால் போதும், ஒரு முழு ஆள் எழுந்து நடந்து வருவான். தோட்டத்துப் பெரட்டில் கம்பெனி அனுப்புகிறவனைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். இங்கே அவன் வைத்ததே சட்டம். “பிரசவ வார்டு மாதிரி பெத்துத் தள்ளுறீங்கண்ணே, ஒருத்தனும் சண்டைக்கு வர்ற மாதிரி தெரியல” என்று சசிதரன் கிண்டல் செய்வான்.

ஆனால் அந்தப் பட்டியல் இப்போது ஆபீசில். போன வாரம்தான் பக்கத்துத் தோட்டத்தில் இமிகிரேசன் புகுந்து, பெர்மிட் இல்லாத பதினெட்டுப் பேரை லோரியில் ஏற்றியிருந்தது. ஒளித்து வைத்திருந்த மண்டோரையும் சேர்த்து.

ஆபீஸ் வாசலில் மோட்டார் சைக்கிளை நிறுத்தும்போதே உள்ளிருந்து கணக்கு எழுதும் கிராணி குணசுந்தரியின் குரல் கேட்டது. மானேஜர் தர்மலிங்கம் மலாய்ப் பள்ளியில் படித்தவர். தமிழ் பேசுவார், எழுத்துக் கூட்டத் தெரியாது. அவருக்காக அந்தப் புத்தகத்தை அவள்தான் படித்துக்கொண்டிருந்தாள்.

“வந்துட்டான் பாருங்க” என்றாள்.

“அக்கா, அந்த அஞ்சாவது ஆளைத் திரும்பப் படிங்க. இவன் காதுலயும் விழட்டும்” என்றார் தர்மலிங்கம்.

“உளியன். ஆண். வயசு இருநூத்திப் பத்து. குள்ளம். ரெண்டு கோடாலி வச்சிருப்பான். ராத்திரியில மலை எல்லையைத் தாண்டி வந்தவன். மூணு பேரைக் கொன்னிருக்கான். வெயில் ஆகாது.”

“இருபத்தொண்ணுதான் வயசு. யாரும் கண்டுபிடிக்கக் கூடாதுன்னு ஒரு சைபர் கூட்டி வச்சிருக்கான்” என்றார் தர்மலிங்கம். “நாப்பத்து மூணு பேரு, அத்தனையும் பெர்மிட் இல்லாத கோசோங்! ஒருத்தன் மாட்டினாலே என்னை உரிச்சிடுவானுங்க. நீ கொலைகாரனை வேற வச்சிருக்கே. எங்கடா ஒளிச்சு வச்சிருக்கே, ஆத்தோரமா?”

“சார், அவங்க ஆளுங்களே இல்ல சார்.”

“பின்ன ஆடா?”

“கேம் சார். நானா எழுதினது.”

“உனக்கு வயசு நாப்பத்தொண்ணு. கேம் ஆடுறியா? நாலு மணிக்குள்ள இவனுங்க எங்கன்னு சொல்லு. இல்லாட்டி வேலையும் இல்ல, வீடும் இல்ல.”

ஆறு வருடத்துக்கு முன்னால் ஒரு குலை தோளில் விழுந்து எலும்பை நொறுக்கியது. அதற்குப் பிறகுதான் மண்டோர் வேலை. இனி குலை வெட்டும் அரிவாள் கம்பைத் தூக்க முடியாது. இது போனால் வேறு வேலை கிடையாது. கம்பெனி கொடுத்த லயத்து வீட்டில் மனைவி யோகேஸ்வரியும் இரண்டு பெண் பிள்ளைகளும் இருந்தார்கள்.

பேசிப் பயனில்லை என்று தெரிந்தது. சட்டைப் பையிலிருந்து மூன்று பகடைகளை எடுத்து மேசைமேல் வைத்தான்.

“நாலு நம்பர் லாட்டரி எடுக்கப் போறியா தம்பி?” என்றாள் குணசுந்தரி.

“ஆள் எடுக்கப் போறேன்கா. எழுதுங்க.”

உருட்டினான். ஒரு பகடை தரையில் விழுந்து அலமாரிக்கடியில் ஓடியது. குனிந்து எடுத்து மறுபடி உருட்டினான். பலம் ஆறு. வேகம் ஒன்பது. உடம்பு பதினைந்து. புத்தி எட்டு. நிதானம் பதினாறு. வாய் பதினேழு.

“பதினேழா? என் நாத்தனார் மாதிரின்னு சொல்லு” என்றாள் குணசுந்தரி.

“படகுக்காரி” என்றான் குணாளன். அவனுக்கே இப்போதுதான் தெரிந்தது. “தஞ்சோங் டாவாய் மாதிரி ஓர் ஆத்து முகம். அங்கதான் ஆளுங்களை அக்கரைக்குக் கொண்டுபோறா. சின்னப் பிள்ளையா இருக்கறப்ப ஒரு சீக்கு வந்து கையெல்லாம் சூம்பிப்போச்சு.”

“பலம் ஆறுன்னா துடுப்புப் போட முடியாதே” என்றாள் குணசுந்தரி.

“முடியாது.”

“துடுப்புப் போடாத படகுக்காரியா? பொய் சொல்றதுக்கும் ஒரு அளவு வேணாமா?” என்றார் தர்மலிங்கம்.

“வாய் இருக்கே சார். ஏறுறவனையே துடுப்புப் போட வச்சிடுவா. அக்கரையில இறங்குறப்ப அவனே நன்றி சொல்லிட்டுப் போவான்.”

குணசுந்தரி பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். “எங்க நாத்தனாரேதான்யா!”

தர்மலிங்கம் சிரிக்கவில்லை. பகடை ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு பச்சைப் புத்தகத்தை இழுத்து, படிக்கத் தெரியாத எழுத்தின் பக்கத்தில் வரிசையாக ஆறு எண்கள் நிற்பதைப் பார்த்தார். அடுத்த பக்கத்திலும் ஆறு. அதற்கடுத்த பக்கத்திலும் ஆறு.

“நீச்சல் தெரியுமா அவளுக்கு?” என்றார்.

நம்பிவிட்டார் என்று குணாளனுக்குப் புரிந்தது. பெர்மிட் இல்லாதவளைப் பற்றி எந்த மானேஜரும் அப்படிக் கேட்க மாட்டான்.

“இன்னும் முடிவு பண்ணல சார்.”

தர்மலிங்கம் புத்தகத்தை அவன் பக்கம் தள்ளினார். “ஆபீஸ் புத்தகத்துல எழுதினே, அப்புறம் நானே உன்னைக் கொன்னுடுவேன். கடையில ஸ்கூல் புத்தகம் வாங்கிக்க. செக்ரோல் எங்க?”

“கூடையில சார்.”

“கொடுத்துட்டுப் போ.”

கொடுத்தான். குணசுந்தரி தான் எழுதிய தாளைக் கிழித்து நீட்டினாள். மோட்டார் சைக்கிளை உதைத்தான், இரண்டு தரம் தவறியது. அதற்குள் ஜன்னலில் தர்மலிங்கத்தின் தலை.

“குணாளா!”

அவன் திரும்பினான்.

“தெரியாதுன்னு போடு. ஆத்துல கெடக்குறவளுக்கு நீச்சல் தெரியாட்டி என்ன ஆவான்னு பாப்போம்.”

“சரி சார்.”

செம்பனைக் காட்டுக்குத் திரும்பியபோது வெட்டுகிறவர்கள் வேலையைத் தொடங்கியிருந்தார்கள். குணாளன் பழைய நிழலிலேயே உட்கார்ந்தான். பத்து மணிக்குப் பிரிக்காமலே விட்ட நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் இப்போது நாலே வாயில் காலியானது. குணசுந்தரியின் தாளைத் தொடைமேல் விரித்து, எண்ணெய் விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டு எழுதினான்.

நாற்பத்து நான்கு. பெயர் பிறகு. நீச்சல் தெரியாது.