உள்ளே போய் வந்த தகடு

கணவன் தகட்டைச் சட்டத்தில் வைத்து இறுக்குவதைக் கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தபோது, அவளுக்கு அவன்மேல் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கல்யாணம் ஆனதிலிருந்து இதே பிழைப்புதான். மாடியில் உட்கார்ந்து அவள் தகடுகளை வடிவமைப்பாள். கீழே சோதனைக்கூடத்தில் அவன் அவற்றை உடைப்பான். "பொண்டாட்டி செய்யறத உடைக்கறதுக்கு இவனுக்குச் சம்பளம் வேற!" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் மாமியார் சொல்லிச் சிரிப்பார்.

இந்தத் தகடு விமானத்தின் வெளிச்சுவருக்கானது. கரிநார் என்கிற கார்பன் இழைத் துணிகளைப் பசையில் அடுக்கடுக்காக ஒட்டி, குடத்தின் விலாவைப் போல வளைத்துச் செய்தது. சூடேறினால் விரியப் பார்க்கும். ஓரங்களைச் சட்டம் விடாது. வெளியிலிருந்து காற்று வேறு அழுத்தும். ஒரு கட்டத்தில் வளைவு உள்பக்கமாகப் புரண்டுவிடும். அதுவரை இருவருக்கும் ஒரே கருத்துதான். அதற்குப் பிறகுதான் சண்டை. சூட்டில் இளகிய பசை அந்த அடியைத் தாங்காது, அடுக்குகள் பிரிந்துவிடும் என்பது அவன் கட்சி. நார்கள் ஓடும் திசையை அவள் மாற்றி அடுக்கியிருந்தாள்; ஒரு கீறல் விழாமல் பழைய வளைவுக்கே திரும்பும் என்பது அவள் கட்சி. சாப்பிடும்போது தொடங்கிய வாக்குவாதத்தில், "உன் பிடிவாதத்துக்கெல்லாம் தகடு கட்டுப்படாது" என்று அவன் சொல்லப்போக, அன்றிலிருந்து வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை. இன்று உடைந்தால் இந்த வடிவமைப்பையே கைவிடுவதாக மேலாளர் சொல்லியிருந்தார்.

தகட்டை இறுக்கிவிட்டு அவன் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வந்து நின்றான். தகட்டைச் சூடேற்றும் விளக்குகள் சிவந்தன. அவன் காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினான். தகடு மெல்ல முனகியது. பிறகு டமார் என்று ஒரு சத்தம். அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"நிக்குது!" என்று அவன் குரல்தான் முதலில் கேட்டது. "கண்ணத் தொறந்து பாரு, குழிஞ்சும் தாங்கிக்கிட்டு நிக்குது!"

அவன் பேசிவிட்டான் என்பதே அவளுக்கு உறைக்கவில்லை. காற்றை இறக்கி, விளக்குகளை அணைத்து, மேலாளர் உட்பட எல்லோரும் காத்திருந்தார்கள். ஆறஆறக் குழி ஆழம் குறைந்தது. திடீரென்று டொப்பென்று வெளியே தாவி, பழைய வளைவில் போய் உட்கார்ந்துகொண்டது.

அவன் கையுறைகளைக் கழற்றி வீசிவிட்டு ஆடத் தொடங்கினான்.

"தோத்தது நீங்கதானேப்பா? உங்களுக்கு எதுக்கு இந்தக் குதி?" என்றார் மேலாளர்.

"என் பொண்டாட்டி தகடு சார்!"

அவளுக்குச் சிரிப்பும் கண்ணீரும் ஒன்றாக வந்தன. ஆட்டத்தை அவன் சட்டென்று நிறுத்தினான்.

"இரு இரு. உள்ள பிரிஞ்சிருந்தா வெளிய தெரியாது."

"விடமாட்டீங்களே!"

மேலாளரிடம் ஒரு நாணயம் வாங்கிக்கொண்டு, கண்ணாடிக் கதவைத் திறந்து உள்ளே போய், சட்டத்துக்குள் குனிந்து தகட்டைத் தட்டினான். பிரிந்த இடம் சொத்தென்று கேட்கும், இது கணீரென்றது. அடுத்த இடமும் கணீர்.

"நீங்க தட்டினா நம்பமாட்டேன், குடுங்க" என்று பின்னாலேயே வந்த அவள் நாணயத்தைப் பிடுங்கினாள். அவன் மறுபக்கம் போய், இன்னும் இளஞ்சூடாயிருந்த தகட்டில் கன்னத்தை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டான். அவள் இந்தப் பக்கத்தில், அவன் காது இருக்கும் இடம் பார்த்து, மெல்லத் தட்டினாள்.