சிலுவைமுத்து நிற்கும் பக்கம்

டோரதி செய்தது வலைக்காரர் வீட்டில் எல்லோரும் செய்வதுதான். புது நூல்வலையை உப்பு தின்றுவிடாமலிருக்க மரப்பட்டையைக் காய்ச்சி, சாறு கொதிக்கும்போதே வலையை முக்கி எடுத்து வெயிலில் உலர்த்துவார்கள். காசிமேட்டுக் கரையில் பிறந்தவளுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. புருஷனின் பூட்ஸ் கடற்காற்றில் பூஞ்சை பிடித்துக் கிடந்தது. குப்பத்தில் சித்தி வீட்டில் பட்டை கொதித்துக்கொண்டிருந்தது. முக்கி எடுத்துக் கூரைமேல் காயப்போட்டாள். நூல் வேறு, தோல் வேறு என்று அவளுக்கு எப்படித் தெரியும்? அவர்கள் வம்சத்தில் செருப்பு போட்டவர்களே கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்த சிலுவைமுத்து பூட்ஸை எடுத்து விரலால் தட்டினான். பலகையைத் தட்டியதுபோல் சத்தம் வந்தது.

"இன்னா டோரதி இது?"

சொன்னாள். சொல்லச் சொல்லவே தான் என்ன செய்துவிட்டோம் என்பது அவளுக்கு உறைத்தது. அவன் திட்டியிருந்தால் தேவலை. தரையில் உட்கார்ந்து, சுருங்கி இறுகிவிட்ட அதற்குள் காலைத் திணித்துப் பார்த்தான். தேங்காயெண்ணெய் தடவி மறுபடி திணித்தான். கால் ஏறியது, முகம் கோணியது. அன்று சாயங்காலம்தான் லீக்கின் கடைசி ஆட்டம்.

"ஒடம்பு சரியில்லன்னு சொல்லிடுய்யா," என்றாள்.

"சொன்னா மாரியப்பனே போதும்னு என்னிய அனுப்பிடுவாங்க."

"வேற யாரு பூட்ஸையாவது கேளேன்."

"நம்ம கால் சைசு எவனுக்குக் கீது?" என்றான். எழுந்து நான்கடி நடந்து பார்த்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டான்.

திருவொற்றியூர் பீப்பாய்க் கம்பெனியில் அவனுக்கு வேலை கொடுத்ததே கால்பந்துக்காகத்தான். பீப்பாய்க்கு மூடி அடிப்பதெல்லாம் பேருக்கு. வருஷா வருஷம் லீக் முடிந்ததும் விளையாட்டுச் செயலாளர் லியோனார்ட் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் காண்ட்ராக்ட் பேசுவார். சிலுவைமுத்துவிடம் அவர் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசியதில்லை. வலது பேக், கோலுக்கு முன்னால் வலப்பக்கம் காப்பவன். கோல் போடமாட்டான், கூட்டம் கைதட்டும்படி எதுவும் செய்யமாட்டான், எந்த ஆட்டத்துக்கும் வராமலும் இருக்கமாட்டான். அப்படிப்பட்டவனிடம் பேச என்ன இருக்கிறது? ஆனால் இந்த வருஷம் கதை வேறு. வெறுங்காலோடு இறங்கக் கூடாது என்று லீக்கில் சட்டம் வந்துவிட்டது. கம்பெனியோ இரண்டு பேக்கில் ஒருவனை நிரந்தரமாக்கிக்கொண்டு, மற்றவனை அனுப்பிவிட்டு, அந்த இடத்தில் ஆபீஸ் குமாஸ்தா ஒருவரை நிறுத்தப்போகிறது. இடது பேக் மாரியப்பனா, இவனா? கடைசி ஆட்டத்தைப் பார்த்துவிட்டுச் சொல்வதாக லியோனார்ட் சொல்லியிருந்தார்.

வேலை போனால் கம்பெனி லைன் வீடும் போய்விடும். டோரதிக்குப் பிறந்த வீடென்று ஒன்று கிடையாது. அதைப் போன ஐப்பசியில் கடல் எடுத்துக்கொண்டது. கைப்பிள்ளையோடு எங்கே போய் நிற்பது?

சாயங்காலம் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவளும் மைதானத்துக்குப் போனாள். கயிற்றுக்கு வெளியே, லியோனார்டின் நாற்காலிக்குப் பின்னால் இடம் கிடைத்தது. எதிரணி ஹார்பர்க்காரர்கள். அவர்களுடைய சென்டர் ஃபார்வர்ட் சௌக்கத் அலியை ராயபுரத்தில் தெரியாதவர்கள் கிடையாது. பந்து காலில் இருந்தால் ஆள் பறப்பான். சிலுவைமுத்து மெல்ல நடந்துபோய்த் தன் இடத்தில் நின்றான். நொண்டாமல் நடக்க அவன் பட்ட பாடு அவளுக்கு மட்டும் தெரிந்தது.

விசில் ஊதியதும் டோரதி மாதாவைக் கூப்பிட ஆரம்பித்தாள். பந்து இந்தப் பக்கம் வரக் கூடாது. வந்தால் அவனால் ஓட முடியாது, ஊரே பார்த்துவிடும்.

மாதா காது கொடுத்துக் கேட்டாள் என்றே சொல்ல வேண்டும். பந்து அந்தப் பக்கமே போனது. ஹார்பர்க்காரர்கள் அலை அலையாக மாரியப்பன் பக்கமே பாய்ந்தார்கள். அவன் விழுந்தான், எழுந்தான், தலையால் முட்டினான், எட்டி உதைத்தான். கூட்டம் அவன் பேரைச் சொல்லிக் கத்தியது.

லியோனார்ட் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார்: "மாரியப்பன் உழைக்கிறான் பாருங்க. அந்தச் சிலுவைமுத்து சும்மா நிக்கிறான். பந்தைத் தொடவே இல்லை."

 இது டோரதியின் கணக்கில் வராத பயம். பந்து வந்தால் குட்டு வெளிப்படும். வராவிட்டால் தெண்டச்சோறு என்று பெயர். மாதாவிடம் இனி என்னவென்று கேட்பது? அவள் உதடு அதன் பாட்டுக்கு அசைந்துகொண்டிருந்தது. பிள்ளை அழுதது. அதன் தொடையைத் தான் இறுக்கிப் பிடித்திருப்பதுகூட அவளுக்குத் தெரியவில்லை.

இடைவேளைக்குப் பிறகு கம்பெனி ஒரு கோல் போட்டது. ஆட்டம் முடியப்போகும் நேரத்தில்தான் அது நடந்தது. நடுவில் பந்தைப் பிடித்த சௌக்கத் அலி ஒருவனைத் தாண்டி, இன்னொருவனைத் தாண்டி, சிலுவைமுத்துவின் பக்கம் பிரிந்துவிட்டான். எதிரே சிலுவைமுத்து மட்டும். அவனுக்குப் பின்னால் கோல்கீப்பர். சிலுவைமுத்து முன்னேயும் வரவில்லை, பின்னேயும் போகவில்லை. கைகளைத் தொங்கவிட்டபடி சௌக்கத்தின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். கல் ஊன்றியதுபோல் நின்றான்.

டோரதி கண்ணை மூடிக்கொண்டாள். போச்சு, வீடு போச்சு.

கூட்டம் சலசலத்தது. கண்ணைத் திறந்தபோது பந்து அங்கே இல்லை. சௌக்கத் அதை மறுபக்கம் தள்ளிவிட்டிருந்தான். மாரியப்பன் பாய்ந்து வெளியே உதைத்தான். மறுபடி அவனுக்குத்தான் கைதட்டல். விசில் ஊதிவிட்டது.

லியோனார்ட் அதிகம் யோசிக்கவில்லை. ஆட்டக்காரர்கள் சோடா குடிக்கும் பந்தலிலேயே சிலுவைமுத்துவைக் கூப்பிட்டார். டோரதி பந்தல் கால் ஓரமாக ஒண்டிக்கொண்டாள்.

"உன்மேல எனக்கு வருத்தம் ஒண்ணுமில்லை, சிலுவைமுத்து. ஒழுங்கான ஆள்தான். ஆனா வேலை செய்யறது கண்ணுக்குத் தெரியணும். இன்னிக்கு முழுக்க ஒரு தடவையாவது பந்து உன்கிட்ட வந்துச்சா?"

"இல்ல சார்," என்றான் சிலுவைமுத்து. பெஞ்சைவிட்டு எழாமலே சொன்னான்.

பக்கத்துப் பெஞ்சில் சௌக்கத் அலி சோடா குடித்துக்கொண்டிருந்தான். தோற்றுப்போன எரிச்சல் முகத்தில் அப்பியிருந்தது. பாட்டிலைக் கீழே வைத்தான்.

"இன்னா சார் பேசறீங்க? அவராண்ட பந்து எப்படி வரும்? எவன் இட்டுகினு போவான்? போன வருசம் நான் போனேன். மூணு தபா போனேன், மூணு தபாவும் மனுசன் அப்படியே நின்னுகினே புடுங்கிட்டாரு. அதுக்கப்புறம் எங்க டீம்ல பேச்சே அதான், சிலுவை நிக்கிற பக்கம் போவாதேன்னு. இன்னைக்குக்கூடப் பாத்தீங்கல்ல? அசையாம நிக்கறாரு. இந்தத் தபாவும் புடுங்கிடுவார்னு தள்ளி வுட்டுட்டேன். மாரியப்பன் பக்கம் லேசா இருந்திச்சி, அதான் எல்லாரும் அங்கயே போனோம்."

லியோனார்ட் கண்ணாடியைக் கழற்றினார்.

"உங்களுக்கு வேணாம்னா சொல்லுங்க சார். எங்க சாராண்ட சொல்லி ஹார்பருக்கே இட்டுகினு போயிடறேன்."

லியோனார்ட் சிறிது நேரம் சிலுவைமுத்துவையே பார்த்தார். இத்தனை வருஷத்தில் அவனை முதல் தடவை பார்ப்பதுபோல் இருந்தது. பிறகு, "நாளைக்கு ஆபீசுக்கு வா. நிரந்தரம் பண்ணிடலாம்," என்று சொல்லிவிட்டு, மேனேஜரிடம் பேசப் பந்தலின் மறுகோடிக்குப் போனார்.

 சிலுவைமுத்து குனிந்து பூட்ஸைக் கழற்றினான். அதற்கு மேல் அவனால் பொறுக்க முடியவில்லை. ஒன்று வந்தது, கூடவே தோலும் வந்தது. காலுறை இருந்த இடமெல்லாம் ரத்தமாய் இருந்தது. கையிலிருந்து நழுவிய பூட்ஸ் பெஞ்சில் பட்டு டொக்கென்று விழுந்தது.

சௌக்கத் அலி திரும்பினான். காலைப் பார்த்தான். பூட்ஸை எடுத்து வளைத்துப் பார்த்தான், வளையவில்லை. அவன் முகம் மாறிக்கொண்டே வந்தது. அந்த ஆள் நின்றது ஏன் என்று இப்போது அவனுக்குப் புரிந்துவிட்டது. நேரே போயிருந்தால் கோல்.

டோரதி பந்தல் காலை விட்டு வந்து இருவருக்கும் நடுவில் நின்றாள். "நைனா," என்றாள். சௌக்கத்தைப் பார்த்து வேண்டாம் என்று தலையாட்டினாள். அந்தக் கோடியில் லியோனார்ட் மேனேஜரிடம் கையை ஆட்டி ஆட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார். சௌக்கத் ஒரு குரல் கொடுத்தால் போதும், எல்லாம் போய்விடும்.

சௌக்கத் அந்தப் பக்கம் பார்த்தான். டோரதியின் இடுப்பிலிருந்த பிள்ளையைப் பார்த்தான். தோளில் கிடந்த தன் துண்டை எடுத்து, ரத்தம் தெரியாதபடி சிலுவைமுத்துவின் காலைச் சுற்றி இறுக்கிக் கட்டினான். பூட்ஸைப் பெஞ்சுக்கு அடியில் தள்ளினான்.

பிறகு குனிந்து அவன் காதருகே சொன்னான்:

"மாமு, அடுத்த வருசம் உன் பக்கந்தான் வருவேன்."

சிலுவைமுத்து தலையாட்டினான். டோரதி பிள்ளையை அவன் மடியில் கொடுத்துவிட்டுப் பூட்ஸைப் பொறுக்கி முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.