சால்தா என்றால் குதி

சனிக்கிழமை பத்து மணிக்குத் தேர்வு. இத்தாலிய வினைச்சொல் பத்து. பிள்ளைகள் சொல்லாவிட்டால் வகுப்பு ஆசிரியையின் கையை விட்டுப் போய்விடும். மொழிப் பயிற்சி நிலையத்தின் மேலாளர் சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டார். கீழ்த்தளத்துப் பல் டாக்டர் மூன்று முறை புகார் கொடுத்திருந்தார். மேலே பிள்ளைகள் தடதடவென்று குதித்தால் அவர் யார் வாயில் எங்கே ஊசி போடுவது?

"பட்டம் வாங்கிட்டா போதுமா? உங்க வீட்ல முதல்ல படிச்ச ஆள் நீங்கதானே, அதான் பாடம் நடத்துற முறை தெரியல," என்றார் மேலாளர்.

அவளுக்குச் சுருக்கென்றது. வாய்வரை வந்ததை விழுங்கினாள். வேலை வேண்டுமே.

சனிக்கிழமை பதினெட்டுப் பிள்ளைகளும் வந்தார்கள். பெற்றோர் சுவரோரம் நின்றார்கள். மேலாளர் எல்லாப் பிள்ளைகளையும் உட்காரவைத்துக் கைகட்டச் சொன்னார்.

"ஓடுன்னு இத்தாலியில எப்படிச் சொல்லுவீங்க?"

பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"சரி, குதி?"

அதற்கும் அதேதான். மூன்று மாதத்தில் ஒருநாள்கூட அவள் அர்த்தம் சொல்லிக்கொடுத்ததில்லை. ஒரு பிள்ளை நாற்காலியில் ஏறி இத்தாலிய மொழியில் கட்டளையிடும், மற்றவர்கள் செய்வார்கள், அதுதான் பாடம். கைகட்டி உட்கார்ந்து ஒரு சொல்லையும் அவர்கள் சொன்னதே கிடையாது. தப்பு அவளுடையது.

"மூணு மாசம் தரையைத் தேய்ச்சதுதான் மிச்சம்," என்று மேலாளர் பெற்றோர் பக்கம் திரும்பினார்.

"சார், வந்து நடுவுல நில்லுங்க," என்றாள் ஆசிரியை.

"நானா?"

"புதுசா வர்றவங்கதான் நடுவுல நிக்கணும். பயமா இருந்தா வேண்டாம்."

பெற்றோரில் ஒருவர் செருமினார். மேலாளர் வந்து நின்றார்.

வகுப்பிலேயே குள்ளமான பெண், சுண்டைக்காய் என்று பட்டப்பெயர், விறுவிறுவென்று நாற்காலியில் ஏறினாள். "சால்தா," என்றாள்.

மேலாளர் மலங்க மலங்க விழித்தார்.

"குதிக்கணும் அங்கிள்," என்று ஒருவன் குதித்துக் காட்டினான். "இதுகூடவா தெரியாது?"

அவ்வளவுதான், மடை திறந்துகொண்டது. கோர்ரி என்றதும் மற்றவர்கள் ஓடினார்கள். ஆப்ரி என்றதும் கதவு திறந்தது, கியூதி என்றதும் மூடிக்கொண்டது. நாற்காலி கைமாறிக்கொண்டே இருந்தது. பத்துச் சொல்லைத் தாண்டிப் பதினேழில் போய் நின்றபோது மேலாளரின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கடைசி நான்கை அவரே யாரையும் பார்க்காமல் சரியாகச் செய்தார். பெற்றோர் கைதட்டினார்கள்.

"சரிம்மா, வகுப்பு உங்களோடதுதான்," என்றார் மூச்சு வாங்க.

"ஒரு மணி நேரம் பத்தல சார். ரெண்டு வேணும்."

பெற்றோரைப் பார்த்தார். "எடுத்துக்கங்க."

வாசலுக்குத் திரும்பினார். அதற்குள் சுண்டைக்காய் மறுபடி நாற்காலியில். "தோர்மி," என்றாள். தூங்கு.

"போதும்னு சொல்லுங்களேன்," என்றார் ஆசிரியையிடம்.

"ஆட்டம் இன்னும் முடியலையே, சார்."

இஸ்திரி போட்ட கால்சட்டையோடு மேலாளர் தரையில் படுத்துக் கண்ணை மூடினார். எழுப்புகிற சொல் பதினெட்டுப் பேருக்கும் தெரியும். யாரும் அவசரப்படவில்லை. அவளும்தான்.