இறுக்கிக் கட்டிய பெட்டி

இதை நான் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்பதில் எனக்கே சந்தேகம் உண்டு. வண்டி சாம்பல் நிறம் என்று மனதில் பதிந்திருக்கிறது, வெள்ளையாகவும் இருந்திருக்கலாம். பாதி, சின்னவள் சொல்லிக் கேட்டது. மீதி, அவளுடைய அக்கா பேச்சை நிறுத்திக்கொண்ட இடங்களிலிருந்து நானாக ஊகித்தது. ஆனால் டிக்கியில் அந்தப் பெட்டி எப்படிக் கட்டப்பட்டிருந்தது என்பதில் மட்டும் இருவரும் ஒரு நூல்கூட மாற்றிச் சொன்னதில்லை.

சின்னவள் பெண்களுக்கு முடி வெட்டும் கடையில் வேலை பார்த்தவள். அவள் கை தலையில் பட்டால் தூக்கம் வருகிறது என்று சொல்லி அவளுக்காகவே காத்திருந்து வெட்டிக்கொண்டு போகிறவர்கள் இருந்தார்கள். அக்காவின் கணவர், அவளுக்கு அத்தான், ஒலிபெருக்கி வாடகைக்கு விடுகிறவர். கடைத்திறப்பு, கூட்டம், கல்யாணம், எங்கே சத்தம் தேவையோ அங்கே அவர் இருப்பார். வீட்டில் அவர் தண்ணீர் கேட்டால் அடுத்த வீட்டுக்காரர்கள் எடுத்து வர வேண்டும், அப்படி ஒரு குரல்.

அவருடைய கார், டிக்கிக்கென்று தனி அறை இல்லாத வகை. பின்சீட்டின் முதுகுதான் சாமானுக்கும் மனிதருக்கும் நடுவிலிருந்த சுவர். பெரிய சாமான் ஏற்ற வேண்டுமானால் அந்த முதுகை மடித்துப் படுக்க வைக்கலாம். மறுபடி நிமிர்த்தும்போது டக்கென்று பூட்டிக்கொள்ள வேண்டும். பூட்டாவிட்டால், அதை விடுவிக்கிற பொத்தானுக்குப் பக்கத்தில் ஒரு சிவப்புக் கோடு எட்டிப் பார்க்கும். அத்தான் அந்தக் கோட்டை ஒரு பொருட்டாக நினைத்ததே இல்லை.

அன்று மூவரும் ஒரு வேலையை முடித்துத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். அக்கா முன்சீட்டில். சின்னவள் பின்னால். டிக்கியில் ஆம்ப்ளிஃபயர் பெட்டி கட்டாமல் கிடந்தது. ஒவ்வொரு வளைவிலும் அது இந்தப் பக்கம் உரசி, அந்தப் பக்கம் உரசி, நறநறவென்றது.

"அத்தான், சீட்டு பூட்டல. செகப்பு தெரியுது. பெட்டியையும் நீங்க கட்டல."

"கட்டலன்னா என்ன, எறங்கி ஓடிடுமா?"

"ஒரு நிமிஷம் நிறுத்துங்க. நானே கட்டிடறேன்."

"நாம என்ன ராக்கெட்டா விடறோம்? பேசாம உக்காரு." அவர் பாட்டின் சத்தத்தைக் கூட்டினார்.

குறுக்கே ஒரு நாய் ஓடியது. அத்தான் பிரேக்கை மிதித்தார். வண்டி நின்றது. பெட்டி நிற்கவில்லை.

கழுத்தில் பட்டை போட்டு ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தபோது சின்னவளுக்கு முன்பே கதை வீடு வந்து சேர்ந்திருந்தது. அவள் முன்னால் குனிந்து கீழே விழுந்த போனைத் தேடிக்கொண்டிருந்தாளாம். நேராக உட்கார்ந்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காதாம். அத்தான் வந்தவர் போனவர் எல்லோரிடமும் வருத்தப்பட்டுச் சொன்னார். அவர் வருத்தப்படுவதும் தெரு முழுக்கக் கேட்டது.

"நான் சொன்னேன்ல அக்கா? நிறுத்தச் சொன்னேன்ல? நீ கேட்டேல்ல?"

"பாட்டு சத்தத்துல எனக்கு ஒண்ணும் கேக்கலடி," என்றாள் அக்கா. தலையணையைச் சரிசெய்துகொண்டே சொன்னாள்.

பட்டையைக் கழற்றிய பிறகும் கழுத்து பழையபடி திரும்பவில்லை. கொஞ்ச நேரம் குனிந்து நின்றால் தோளிலிருந்து விரல்வரை மரத்துப்போயிற்று. கத்தரிக்கோல் பிடிக்கிற கை மரத்துப்போனால் எந்தக் கடை வைத்துக்கொள்ளும்? அக்கா வீட்டின் கீழ் அறையில், ஒலிபெருக்கிகளை அடுக்கி வைத்திருந்த இடத்திலேயே ஒரு கட்டில் போட்டு அவளைத் தங்கவைத்தார்கள். யாராவது கூப்பிட்டால் அவள் முழு உடம்பையும் திருப்ப வேண்டியிருந்தது. அத்தான் அதற்கு ஒரு பேரும் வைத்தார்.

"சிலை திரும்புது, வழி விடுங்கப்பா!"

எல்லோரும் சிரிப்பார்கள். அவளும் சிரித்து வைப்பாள். சிரித்துவிட்டுக் கீழே போய் அந்தக் கறுப்புப் பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்துகொள்வாள். கழுத்து போனதைக்கூட அவள் ஒருவாறு விழுங்கிவிட்டாள். குனிந்தாள் என்ற ஒரு சொல் மட்டும் தொண்டைக்குள் இறங்கவில்லை. தன் உடம்பைத் தானே கெடுத்துக்கொண்டவள் என்று ஊர் நம்புவதைச் சுமந்துகொண்டு, கெடுத்தவன் வீட்டுச் சோற்றைச் சாப்பிட வேண்டியிருந்தது. ஜன்னலுக்கு எதிரே ஒரு கிடங்கு. அங்கே லாரிக்காரர்கள் சரக்கை எப்படிப் பட்டை போட்டு இறுக்குகிறார்கள், கனத்தை எந்தப் பக்கம் சாய்த்து வைக்கிறார்கள், எந்தக் கொக்கியில் எதை மாட்டுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டே பொழுதை ஓட்டினாள். பார்த்துப் பார்த்துக் கட்டப் பழகினாள். அரிசி மூட்டையைக்கூட நாற்காலிக் காலோடு கட்டினாள். அக்கா அதைக் கிறுக்கு என்று நினைத்தாள். மனதுக்குள் அவள் கட்டிக்கொண்டிருந்தது வேறு.

சந்தர்ப்பம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் தானாக வீட்டு வாசலுக்கு வந்தது. புதிதாகக் கட்டிய அரங்கம் ஒன்றின் திறப்பு விழா. சத்தம் நன்றாக அமைந்துவிட்டால் வருஷம் முழுக்க அங்கே நடக்கிற நிகழ்ச்சிகள் எல்லாம் அத்தானுக்கே. ஒலிபெருக்கிகள் முன்கூட்டியே வேனில் போய்விட்டன. புதிதாக வாங்கிய ஆம்ப்ளிஃபயரை மட்டும் யாரையும் நம்பாமல் தன் காரிலேயே கொண்டுபோக நினைத்தார். பக்கத்து வீட்டு ஆட்கள் இருவர் தூக்கி டிக்கியில் வைத்துவிட்டுப் போனார்கள். அத்தான் மேலே சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார்.

"கொஞ்சம் பாத்துக் கட்டிடுடி. அவருக்கு ஏது பொறுமை," என்று அக்கா மாடியிலிருந்து சொன்னாள்.

டிக்கி திறந்து கிடந்தது. சின்னவள் வண்டிக்குள் கையை நீட்டிப் பின்சீட்டின் பொத்தானை அழுத்தினாள். சிவப்புக் கோடு எட்டிப் பார்த்தது. டிக்கிக்குள்ளேயே பெட்டியை ஓட்டுநர் இருக்கைக்கு நேர் பின்னால் வரும்படி நகர்த்தி வைத்தாள். அது நல்ல கனம். அவர் தனியாகத்தான் போகிறார். வழியில் ஒரு நாய் போதும். நாய்க்கு இந்த ஊரில் என்ன பஞ்சம்?

அவள் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். வெகுநேரம் நின்றாள் என்று பின்னால் சொன்னாள்; நிற்கிறவளுக்கு எல்லாம் வெகுநேரம்தான். அவர் கழுத்தில் பட்டையோடு படுத்திருப்பதை நினைத்துப் பார்த்தாள். முதலில் இனித்தது. அப்புறம் படுக்கையைச் சுற்றி ஆட்கள் வந்தார்கள். பழம் வாங்கிக்கொண்டு வந்தார்கள். அக்கா கஞ்சி ஊட்டினாள். பாவம் மனுஷன் என்றார்கள். அவர் ஒரு கதை சொன்னார், ஊர் நம்பியது. அவருக்கு வலி வந்து சேரும், அதோடு இரக்கமும் வரும். இவளுக்கு வேண்டியது மட்டும் வராது. படுக்கையில் கிடக்கிறவனிடமிருந்து வார்த்தையை எப்படிப் பிடுங்குவது?

அவளுக்கு அவருடைய வாய் வேண்டும். உயிரோடும் நல்ல பலத்தோடும் இருக்கிற வாய்.

சீட்டின் முதுகை அழுத்தித் தள்ளினாள். டக். கோடு மறைந்தது. பெட்டியை இழுத்துச் சீட்டு முதுகோடு ஒட்டி வைத்தாள். டிக்கித் தரையிலிருந்த இரும்பு வளையங்களில் சாமான் கட்டும் பட்டையின் கொக்கிகளை மாட்டி, பெட்டியின் மேல் குறுக்காகப் போட்டு, பட்டையின் பிடியை மேலும் கீழும் அசைத்து முறுக்கினாள். தட்டினால் டண்ணென்று கேட்கும்வரை இறுக்கினாள். அதோடு விடவில்லை. தன் பழைய சைக்கிளைப் பூட்டுகிற இரும்புக் கயிற்றைப் பெட்டியின் இரண்டு கைப்பிடிகளிலும் வளையங்களிலும் நுழைத்துப் பூட்டினாள். சாவியை முந்தானையில் முடிந்தாள். மேலே ஒரு போர்வையைப் போர்த்தினாள்.

அத்தான் சென்ட் வாசனையோடு இறங்கி வந்தார்.

"என்ன சிலை, பெட்டிக்குக் குளிருதா?"

"தூசி படக்கூடாதில்ல அத்தான். புதுசு."

"அறிவு வந்துடுச்சே!" என்று சிரித்து டிக்கியைச் சாத்தினார்.

போன் வந்தபோது அக்கா கூடத்தில் துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். சின்னவள் ஸ்பீக்கரைப் போட்டுப் போனை நடுவில் வைத்தாள்.

"ஏய், என்னடி இது பூட்டு? சாவி எங்க?"

"எங்கிட்டதான் அத்தான்."

"வெளயாடறியா? இங்க ஆளுங்க வந்து உக்காந்தாச்சு. அரங்கத்துக்காரர் என் தலைக்கு மேலயே நிக்கறாரு. வெட்டி எடுக்கலாம்னா ஞாயித்துக்கெழம, ஒரு பட்டறையும் தொறக்கல. ஆட்டோ பிடிச்சு உடனே வா!"

"வரேன். அன்னிக்கு வண்டியில நான் என்ன சொன்னேன்னு சொல்லுங்க. அக்கா இங்கதான் இருக்கா."

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். அவ்வளவு சின்னக் குரல் அவரிடம் இருக்கிறது என்று அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது.

"...நீ சொன்ன."

"கேக்கல அத்தான். சத்தமாச் சொல்லுங்க."

"பக்கத்துல ஆளுங்க இருக்காங்கம்மா."

"இருக்கட்டும். உங்களுக்குத்தான் சத்தம் புடிக்குமே."

"நீ சொன்ன! செகப்பு தெரியுதுன்னு சொன்ன, நிறுத்தச் சொன்ன. நான்தான் நிறுத்தல."

"குனிஞ்சிருந்தேனா?"

"இல்ல! நேராத்தான் உக்காந்திருந்த. நான்தான் கத கட்டினேன். போதுமா? கெளம்பு தாயே!"

சின்னவள் தன் முழு உடம்பையும் அக்காவின் பக்கம் திருப்பினாள். அக்கா ஒரு சட்டையின் காலரை நீவிக்கொண்டிருந்தாள்.

"கேட்டுச்சா அக்கா?"

"இதுல கேக்க என்னடி இருக்கு," என்றாள் அக்கா, நிமிராமல். "அன்னிக்கே எனக்குக் கேட்டுச்சு."

"பாட்டு சத்தம்னு சொன்னியே."

"சொன்னேன். வீடு நடக்கணும்ல. அவரு பேரு கெட்டா யாரு வேலை குடுப்பா? நீயும் இந்த வீட்டுலதானே சாப்பிடற." அக்கா கையை நீட்டினாள். "சாவியைக் குடு. நானே போறேன்."

போனில் அத்தான் "ஹலோ, ஹலோ" என்றார். சின்னவள் அழைப்பைத் துண்டித்தாள். முடிச்சை அவிழ்த்துச் சாவியை எடுத்து உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டாள். அக்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்து அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்கப் பார்த்தாள். கெஞ்சினாள், திட்டினாள், கடைசியில் அழுதாள். மரத்துப்போகிற கைதான், ஆனாலும் திறக்கவில்லை. போன் அடித்தது, நின்றது, மறுபடி அடித்தது. ஜன்னலில் இருந்த வெளிச்சம் சுவரில் ஏறி மறைகிறவரைக்கும் இருவரும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள்.

அரங்கத்துக்காரர் வேறு ஒருவரிடம் கருவிகள் வாங்கி விழாவை நடத்தினார். வருஷ வேலையும் அந்த ஆளுக்கே போனது. மறுநாள் பட்டறையில் பூட்டை வெட்டினார்கள். பெட்டியில் ஒரு கீறலும் இல்லை. அத்தான் இப்போதும் தொழில் செய்கிறார், முன்னைவிடக் குறைவாக. அக்கா அவரோடுதான் இருக்கிறாள். சின்னவள் அந்த வாரமே வீட்டை விட்டுப் போய், ஒரு துணிக்கடையில் பொட்டலம் கட்டுகிற வேலையில் சேர்ந்தாள். அவளுடைய கழுத்து அப்படியேதான் இருக்கிறது. அக்காவும் தங்கையும் அதன் பிறகு பேசிக்கொள்ளவில்லை.