பியூலாவின் உபவாசம்

அது எண்பத்தெட்டா எண்பத்தொன்பதா என்று உறுதியாகச் சொல்ல வரவில்லை. ஈஸ்டர் ஏப்ரலில் வந்த வருஷம் என்று ஞாபகம். அதுகூட அன்றைய வெயிலை வைத்துச் செய்கிற ஊகம்தான். பெரிய வெள்ளியன்று பியூலா கட்டியிருந்த சேலை வெள்ளை என்கிறார்கள் சிலர். சாம்பல் நிறம் என்று அவளே சொல்கிறாள். அவள் பேசியது நான்கு வாக்கியமா ஐந்தா என்பதிலும் ஒற்றுமை இல்லை. என்ன பேசினாள் என்பதில் மட்டும் யாருக்கும் சந்தேகம் கிடையாது.

பியூலாவுக்கு அப்போது இருபத்தாறு வயது. சேலையூரில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்பு டீச்சர். அப்பா தவறிய பிறகு, கிழக்குத் தாம்பரத்தில் கேம்ப் ரோட்டுக்கு உள்ளடங்கிய ஒரு தெருவில் அவளும் அம்மா சாராளும் மட்டும் இருந்தார்கள். அந்த ஜனவரியில் குரோம்பேட்டையிலிருந்து அவளைப் பெண் பார்க்க வந்தார்கள். பையன் தேவானந்தம், பேங்கில் கிளார்க். கூட வந்தது அவன் அம்மா ஜெயசீலி. சர்ச் பாஸ்டரின் மனைவி, பாஸ்டரம்மா, கொண்டுவந்த சம்பந்தம்.

தேவானந்தம் அதிகம் பேசவில்லை. அலமாரியில் இருந்த புத்தகங்களின் முதுகைத் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் படித்தான். பிறகு, யாரும் பேசாத நேரத்தில், அந்த மௌனத்தைக் கலைக்க அவசரப்படாமல் உட்கார்ந்திருந்தான். பியூலாவுக்கு அவனைப் பிடித்துப்போனது. இத்தனை பிடிக்கும் என்று அவளே எதிர்பார்க்கவில்லை.

ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள், லெந்து காலம், நெருங்கிக்கொண்டிருந்தது. அப்போது நல்ல காரியம் பேசுவதில்லை என்பதால், ஈஸ்டர் கழித்துத் தகவல் அனுப்புவதாகச் சொல்லிக் கிளம்பினார்கள். பியூலா சன்னல் கதவைச் சாத்தப் போனபோது, ஆட்டோவில் ஏறிக்கொண்டே ஜெயசீலி மகனிடம் சொன்னது காதில் விழுந்தது.

"மூஞ்சி நல்லாத்தான் இருக்கு. நடந்து போறப்ப பாத்தியா? தொடை ரெண்டும் ஆட்டுக்கல்லு மாதிரி. ஒரு புள்ள பெத்தா இன்னும் என்ன ஆகுமோ."

அவன் பதில் சொன்னானா என்று தெரியவில்லை. ஆட்டோ சத்தத்தில் கேட்கவில்லை.

இதை அவள் அம்மாவிடம் சொல்லவில்லை. அன்றிலிருந்து உட்காரவே கூசினாள். மின்சார ரயிலில் இடம் இருந்தாலும் கதவோரம் நின்றாள். உட்கார நேர்ந்தால் தொடை பரந்து தெரியாதிருக்கக் குதிகாலைத் தூக்கி வைத்துக்கொண்டாள். தையல் மெஷின் டிராயரிலிருந்து டேப்பை எடுத்து, குளியலறையில் அளந்து பார்த்தாள். இருபத்திநாலரை இன்ச். மறுபடியும் அளந்தாள். அதேதான்.

லெந்தின் முதல் நாளான சாம்பல் புதன் வந்தது. "நாப்பது நாளும் உபவாசம் இருக்கப் போறேம்மா" என்றாள். காலை, மதியம் ஒன்றும் கிடையாது. சாயங்காலம் ஆறு மணிக்குமேல்தான் சாப்பாடு.

சாராள் மகளை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தாள். கண் கலங்கியது. பிள்ளைக்காகச் செய்த ஜெபம் வீண் போகவில்லை என்று நினைத்திருப்பாள். பகல் முழுக்கப் பட்டினி கிடக்கிற பிள்ளைக்கு மாலையில் வாய்க்கு ருசியாக ஏதாவது வேண்டாமா? ஒரு நாள் தேங்காயும் சர்க்கரையும் போட்டுப் புட்டு, ஒரு நாள் ஆப்பத்தோடு தேங்காய்ப்பால், ஒரு நாள் நெய் ஒழுகும் பொங்கல். பசியில் பியூலாவும் மூன்று பேர் சாப்பாட்டைச் சாப்பிட்டாள்.

இரண்டு வாரத்தில் கன்னம் ஒட்டியது. கழுத்தெலும்பு தெரிந்தது. டேப் இருபத்திநாலரையிலேயே நின்றது.

பள்ளிக்கூட ஆயா செல்லியம்மாள் முதலில் கேட்டாள். "இன்னா டீச்சர், மூஞ்சி சுண்டிப் போய் கீது? வூட்ல சோறு ஆக்கலியா?"

அடுத்துக் கேட்டது டிரில் டீச்சர் ஹில்டா. பியூலாவுக்கு ஒரு வயது சின்னவள், மனதில் பட்டதைப் பட்டென்று சொல்லிவிடுவாள். அவளிடம் பியூலா எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள், ஆட்டுக்கல் உட்பட.

ஹில்டா சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது. "பகல்ல பட்டினி, ராத்திரி விருந்து. எங்கடி இளைக்கும்? அதுவும் தொடையைப் பாத்து, நீ மட்டும் இளைச்சுக்கோன்னா அது கேக்குமா? ஒடம்பு மொத்தமா இளைக்கறப்ப அதுவும் கூட வரும். மூணு வேளையும் சாப்பிடு. சோத்தைப் பாதியாக்கு, காயை ரெண்டு மடங்காக்கு. சக்கரையும் தேங்காயும் அம்மாக்கே குடு. காலைல நட. அப்புறம் தோப்புக்கரணம் போடு, தெனம் அம்பது."

"அது பிள்ளையாருக்குப் போடறது இல்ல?"

"காதைப் புடிக்காம போடு. அவர் ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டாரு."

உபவாசம் என்று சொல்லியாகிவிட்டது. வீட்டில் பகலில் எப்படிச் சாப்பிடுவது? ஹில்டாவே இரண்டு டப்பா கொண்டுவர ஆரம்பித்தாள். இட்லி, முளைகட்டின பயறு, கொண்டைக்கடலைச் சுண்டல், வெள்ளரிக்காய். ஸ்டாஃப் ரூம் கதவுக்குப் பின்னால் நின்று பியூலா சாப்பிட்டாள். மாலையில் வயிறு சரியில்லை என்று ஒரு கரண்டிச் சோறும் கீரையுமாக நிறுத்திக்கொண்டாள். விடிவதற்கு முன் ஏர்ஃபோர்ஸ் மதில் ஓரமாக நடந்துவிட்டு வந்து, அறைக்கதவைத் தாழிட்டுக்கொண்டு தோப்புக்கரணம் போட்டாள். முதல் வாரம் படி ஏற முடியவில்லை. அடுத்த வாரம் வலி குறைந்தது. மூன்றாம் வாரத்தில் தூக்கம் நன்றாக வந்தது, டேப்பும் அசைந்தது.

கதவுக்கு வெளியே சாராள் நின்றாள். உள்ளே மூச்சு வாங்குகிற சத்தம், தரையில் பாதம் அழுந்துகிற சத்தம், நடுநடுவே ஒரு முனகல். பிள்ளை முழங்காலில் விழுவதும் எழுவதுமாக அழுது ஜெபிக்கிறாள் என்று எடுத்துக்கொண்டாள். சர்ச்சின் பெண்கள் ஐக்கியக் கூட்டத்தில் போய்ச் சொன்னாள். அதைப் பாஸ்டரம்மா குரோம்பேட்டையில் ஜெயசீலியிடம் சொன்னாள்.

ஈஸ்டருக்கு முந்தைய குருத்தோலை ஞாயிறன்று ஜெயசீலி தாம்பரம் சர்ச்சுக்கே வந்துவிட்டாள். ஓலையும் கையுமாக நின்ற பியூலாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எல்லாம் கேள்விப்பட்டேம்மா. நாங்க என்னென்னவோ பாத்துட்டிருந்தோம். ஜெபிக்கற பொண்ணுதான் வீட்டுக்கு வேணும். ஈஸ்டர் அன்னைக்கே வந்து பேசி முடிச்சுடறோம்."

பக்கத்தில் தேவானந்தம் நின்றான். அவளைப் பார்த்தான். அந்தப் பார்வையில் மரியாதை இருந்தது. பியூலாவுக்கு அது தாங்கவில்லை.

இன்னொன்றும் நடந்தது. பெரிய வெள்ளி ஆராதனை பன்னிரண்டு மணியிலிருந்து மூன்று மணி வரை. சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகளை ஏழு பேர் பிரித்துக்கொண்டு பேசுவார்கள். ஒன்று எப்போதும் பெண்கள் ஐக்கியத்துக்கு. அந்த வருஷம் ஐந்தாம் வார்த்தை, தாகத்தைப் பற்றியது. "உபவாசம் இருக்கிற பொண்ணு பேசட்டும்" என்றாள் பாஸ்டரம்மா. சாராள் அன்றே மகளின் சேலைக்குக் கஞ்சி போட்டாள்.

அந்த வாரம் பியூலா வீட்டுக்குள் நடந்துகொண்டே இருந்தாள். வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், அவன் கிடைப்பான். ஆனால் அந்த வீட்டுக்குப் போகிறவள் யார்? ஒவ்வொரு லெந்துக்கும் அவள் உபவாசம் இருக்க வேண்டும். கதவைச் சாத்தினால் ஜெபம் என்பார்கள். பேசாத நேரத்தில் அவன் அவளைப் பார்க்கும்போதெல்லாம் வேறு ஒருத்தியைப் பார்த்துக்கொண்டிருப்பான். ஹில்டாவிடம் கேட்டாள்.

"பேசாம இருந்துடு. கல்யாணம் ஆனப்புறம் ஒரு நாள் சிரிச்சுக்கிட்டே சொல்லிக்கலாம்" என்றாள் ஹில்டா. பியூலாவுக்கு அந்த ஒரு நாள் எது என்று தெரியவில்லை.

பெரிய வெள்ளியன்று சர்ச்சில் மின்விசிறிகள் சூடான காற்றைச் சுற்றிக்கொண்டிருந்தன. ஜெயசீலியும் மகனும் மூன்றாவது வரிசையில். நாலாம் வார்த்தைக்கான பாட்டு முடிந்தது. பியூலா எழுந்து போய் மைக்கின் முன் நின்றாள். எழுதி வைத்த தாளைப் பிரிக்கவில்லை.

"தாகத்தைப் பத்தி எனக்குத் தெரியாது," என்றாள். "நான் உபவாசம் இருக்கல. முதல் ரெண்டு வாரம் பட்டினி இருந்தேன், அது என் தொடை இளைக்கறதுக்காக. அப்புறம் ஸ்கூல்ல ஒளிஞ்சு சுண்டல் சாப்பிட்டேன். கதவைச் சாத்திக்கிட்டு ஜெபம் பண்ணல, தோப்புக்கரணம் போட்டேன்."

பாடகர் குழுவில் யாரோ ஒருவர் சிரித்து, அதை இருமலாக மாற்றினார். ஆர்கன் வாசிப்பவருக்கு இது முடிந்ததா என்று புரியவில்லை. பியூலா இடத்துக்கு வந்து உட்கார்ந்தாள். குதிகாலைத் தூக்க மறந்திருந்தாள். மூன்றாவது வரிசையில் ஜெயசீலி எழுந்தாள். தேவானந்தமும் எழுந்தான். வெளியே போகுமுன் ஒரு தடவை திரும்பிப் பார்த்தான்; பிறகு அம்மாவின் பின்னால் போனான்.

அன்று வீட்டில் அடுப்பு பற்ற வைக்கவில்லை. சாராள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். விளக்கு வைக்கிற நேரம் ஆனது.

"அதை அங்க நின்னுதான் சொல்லணுமா?" என்றாள் கடைசியில்.

"வேற எங்கயும் நீங்க சொல்ல விட்டிருக்க மாட்டீங்கம்மா."

சாராள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"எவ்வளவு கொறைஞ்சுது?"

"முக்கால் இன்ச்."

"முக்கால் இன்ச்சுக்கா இவ்வளவு?" என்றாள் சாராள். சிரிப்பா அழுகையா என்று பியூலாவால் சொல்ல முடியவில்லை.

ஈஸ்டருக்கு யாரும் வரவில்லை. ஒரு வாரம் கழித்து, இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று பாஸ்டரம்மா மூலம் சொல்லி அனுப்பினார்கள். பியூலா நாலைந்து மாதம் அழுதாள். நடப்பதை மட்டும் நிறுத்தவில்லை.

தேவானந்தம் மறுவருஷம் வேலூரில் பெண் எடுத்தான். மாற்றலாகி அங்கேயே தங்கிவிட்டான். ஜெயசீலி குரோம்பேட்டை வீட்டை விற்றுவிட்டு மகனோடு போனாள். ஹில்டா மஸ்கட்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்துப் போய், தொண்ணூற்றாறில் திரும்பி வந்தாள். பாஸ்டரம்மா அடுத்த ஊழியத்துக்குக் கணவரோடு மாறிப் போனாள். சாராள் தொண்ணூற்றி நாலில், தூக்கத்தில் இறந்தாள். பியூலா முப்பத்தொரு வயதில் சுந்தர்சிங் என்ற லேப் டெக்னீஷியனைக் கட்டிக்கொண்டு செம்பாக்கத்தில் குடியிருந்தாள். அவளுக்கு ஒரு பெண் பிறந்தது.